ஊதாத் துணி மூடிய கரும்பலகை

மீன்காரி கூடையை எங்கள் வாசலில் இறக்கி, "விடியப் பட்ட மீன், தங்கச்சி" என்பாள். நான் சட்டியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் பக்கத்து அறை யன்னலில் இருந்து ஒரு குரல் வரும்.

"கண்டதோ, கேட்டதோ?"

"என்ன ரீச்சர்?"

"விடியப் பட்டதை நீ கண்டனியோ, ஆரும் சொல்லிக் கேட்டனியோ?"

"என்ர மனுசன்தான் சொன்னவர்."

"அப்ப கேட்டது."

"அந்தாள் சொல்லுறதை நானே நம்புறதில்லை ரீச்சர். நீங்க ஏன் அவரை நடுவில இழுக்கிறீங்க? வந்து செவுளைத் தூக்கிப் பாருங்க."

ரீச்சர் வெளியே வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து, செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பாக இருந்தால் "சரி, இப்ப கண்டது" என்று சொல்லி வாங்குவார். மீன்காரிக்கு அதில் கோபம் கிடையாது. போகும்போது, "இந்த ரீச்சரைக் கட்டப்போறவன் பாவம்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்லிவிட்டுப் போவாள்.

ஊரில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. பிள்ளைகள் தூரத்தில் அவரைக் கண்டால் "கண்டது கேட்டது வருகுது" என்று சொல்லி ஒதுங்குவார்கள். அது அவர் காதிலும் விழும். "ஓம், கேட்டனான்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே நடப்பார். நான் மட்டும் அவரை ரீச்சரக்கா என்று கூப்பிடுவேன்.

முந்தலுக்கும் கற்பிட்டிக்கும் நடுவில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்புத்தண்ணிக் களப்புமாகக் கிடக்கிற ஊர் எங்களுடையது. பள்ளிக்கூடம் மாதா கோயிலுடையது. சம்பளம் வெள்ளைக்கார அரசாங்கத்துடையது. பிள்ளைகளில் அனேகம் பேர் எங்கள் வேதக்கார, கத்தோலிக்கப் பிள்ளைகள். பக்கத்துக் குடியிருப்பில் இருந்து முஸ்லிம் பிள்ளைகள் வருவார்கள். உடப்புப் பக்கத்துச் சைவப் பிள்ளைகளும் சிலர் உறவினர் வீடுகளில் தங்கிப் படித்தார்கள். காலையில் ஞானோபதேசம், அதுதான் வேதபாடம், நடக்கும்போது அவர்கள் வெளியே பூவரச மரத்தின் கீழ் இருப்பார்கள். மணி அடித்ததும் உள்ளே வருவார்கள். பிறகு எல்லாருக்கும் ஒரே பாடம்தான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பெண்பிள்ளைகளுக்குத் தையல் பழக்க என்னை வைத்திருந்தார்கள். ரீச்சரக்கா வடக்கே கன்னியர் மடத்தில் பயிற்சி பெற்று வந்தவர். பெண் ஆசிரியைக்குத் தங்க இடம் இல்லாதபடியால் எங்கள் வீட்டுப் பக்கத்து அறையைக் கொடுத்தோம். அப்போது அவருக்கு முப்பது வயதிருக்கும். நெட்டையான உடம்பு, கறுப்புக் குடை. மணலில் நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் குடைக்கம்பியில் கோத்துக்கொள்வார். வெயிலுக்குக் குடையை விரித்தால் செருப்பு இரண்டும் தலைக்கு மேல் ஆடும். அதைப் பார்த்து எங்கள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடுவா.

அவருடைய அறையில் தேவமாதா சுரூபத்துக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும். அதே மேசையில் ஆமை ஓடு, சங்கு, மீன் முள், ஏதோ ஒரு பறவையின் மண்டையோடு எல்லாம் கிடக்கும். கடற்கரையில் பொறுக்கியவை. செபமாலை சொல்லி முடிந்ததும் அந்த எலும்புகளில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வகுப்பில் அவர் செய்கிற முதல் வேலை, கரும்பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுவது. இடது பக்கத்துக்குக் கண்டது என்று தலைப்பு. வலது பக்கத்துக்குக் கேட்டது என்று தலைப்பு. பிள்ளைகள் என்ன சொன்னாலும் அது ஏதோ ஒரு பக்கத்துக்குப் போகவேண்டும். பள்ளிக்கூடம் சுவர் இல்லாத ஒரே மண்டபம். அவருடைய வகுப்புக்கும் என் தையல் பிள்ளைகளுக்கும் நடுவில் ஒரு ஓலைத் தட்டிதான். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே எல்லாவற்றையும் நான் கேட்பேன்.

ஒருநாள் ஒரு பையன், முழுநிலாப் பறுவத்தில் நண்டுக்குச் சதை இராது, வெறும் கோதுதான் என்றான். கண்டது என்ற பக்கத்தில் எழுதச் சொன்னான்.

"எத்தினை பேர் உடைச்சுப் பாத்தனியள்?"

ஒருவரும் கை உயர்த்தவில்லை. வசனம் வலது பக்கத்துக்குப் போனது. அடுத்த பறுவத்துக்கு மறுநாள் பிள்ளைகள் ஆளுக்கொரு நண்டோடு வந்து உடைத்தார்கள். சிலதில் சதை இருந்தது, சிலதில் இல்லை. ரீச்சரக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அந்த வசனத்தை அழித்துவிட்டு, பாதி கோட்டுக்கு அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமுமாக எழுதினார். அன்று பகல் மண்டபம் முழுக்க நண்டு நாறியது.

கேட்டது என்றால் பொய் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு தகப்பன் வந்து, "அப்ப கேட்டதெல்லாம் பொய்யெண்டோ ரீச்சர் பிள்ளையளுக்குச் சொல்லுறீங்க?" என்று கேட்டார்.

"ஆர் சொன்னது? என்ர அப்பாதான் என்ர அப்பா எண்டு எனக்கு அம்மா சொல்லிக் கேட்டதுதான். அதுக்காக நான் அவரை அப்பா எண்டு கூப்பிடாமல் விட்டனானோ?"

அந்த மனிதர் சிரிப்பதா, வெட்கப்படுவதா என்று தெரியாமல் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

யுத்த காலத்தில் ஒரு காலை, கற்பிட்டிப் பக்கம் யப்பான்காரன் இறங்கிவிட்டான் என்று ஊரே மூட்டை கட்டியது. அம்மா பாய்க்குள் பாத்திரங்களைச் சுற்றிக்கொண்டிருந்தா. ரீச்சரக்கா குடையை எடுத்துக்கொண்டு, எல்லாரும் ஓடுகிற திசைக்கு எதிர்த் திசையில் கடலைப் பார்த்து நடந்தார். வெயில் ஏறும்போது திரும்பி வந்தார். "பாத்தன். மூண்டு தோணி நிக்குது. எல்லாம் உடப்புக்காரற்ற. கணவாய் வாங்கிக்கொண்டு வந்தனான்" என்றார். அம்மா கட்டிய பாயை அவிழ்த்துச் சட்டியை வெளியில் எடுத்தா.

எல்லாருக்கும் இது பிடித்தது என்று சொல்லமுடியாது. எனக்கு முந்தலில் இருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தபோது தரகர், மாப்பிள்ளை தங்கமான பிள்ளை என்றார். யன்னலுக்குள் இருந்து அந்தக் கேள்வி வந்தது. அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "கலியாண வீட்டிலயும் பள்ளிக்கூடம் நடத்தாதேங்கோ பிள்ளை" என்று சொல்லிவிட்டா. ரீச்சரக்கா சனிக்கிழமை வண்டி பிடித்து முந்தலுக்குப் போய், மாப்பிள்ளையின் துணிக்கடையில் ரவிக்கைத் துணி வாங்கிக்கொண்டு வந்தார். என்னிடம் மட்டும் சொன்னார்.

"கண்டன். கதை குறைவு. துணி அளக்கேக்க நாலு விரல் கூட விட்டு வெட்டுறார். இனி உன்ர விருப்பம்."

அந்த நாலு விரலை நம்பித்தான் நான் கட்டினேன். இன்றுவரை குறை இல்லை. ஆனால் அது நடந்தது நான் சொல்லவந்த கரும்பலகை விவகாரத்துக்கு அடுத்த வருஷம். நான் முந்திச் சொல்லிவிட்டேன்.

எங்கள் கோயில் மூப்பர் ஒரு கரைவலைச் சம்மாட்டி, சொந்த வலையும் இழுக்க ஆட்களும் உள்ளவர். கோயில் காரியம் எதுவும் அவரைக் கேட்காமல் நடவாது. உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய ஒரு தபசு காலத்தில் அவருடைய வலையில் ஒரு ஆவுளியா பட்டது. ஆவுளியா என்றால் கடற்பசு. களப்புக்குள்ளும் கடலிலும் புல் மேய்கிற, மாட்டளவு உடம்புள்ள உயிர்.

தபசு காலத்து வெள்ளிக்கிழமைகள் எங்களுக்குச் சுத்தபோசன நாட்கள். இறைச்சி தின்னக் கூடாது, மீன் தின்னலாம். ஆவுளியா கடலில் இருக்கிறது, வலையில் படுகிறது. ஆனபடியால் அது மீன் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. மாட்டிறைச்சி ருசியில் ஒரு மீன் கிடைத்தால் தபசு காலத்தில் யார் விடுவார்கள்? வெள்ளிக்கிழமை மத்தியானம் எந்தப் படலையைத் திறந்தாலும் ஆவுளியாக் கறி மணக்கும். கோயில் சாமியாரின் குசினியிலும் மணக்கும். ரீச்சரக்காவும் அந்தக் கறிக்கு இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொள்வார்.

அன்று இயற்கைப் பாடம். ஆவுளியா பட்ட செய்தி பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டதால் பிள்ளைகள் வேறு பேச்சுப் பேசவில்லை. ஒரு பையன், "ஆவுளியா ஒரு மீன், கண்டது" என்றான். ரீச்சரக்கா எழுதக் கையைத் தூக்கினார். அப்போது முஸ்லிம் குடியிருப்பில் இருந்து வருகிற ஒரு பிள்ளை எழும்பியது. அதன் தகப்பன் மதுரங்குளிக்குத் தேங்காய் ஏற்றுகிற யாவாரி.

"டீச்சர், எங்கட வாப்பா ஆவுளியாவ ஓதி அறுத்துத்தான் தருவாரு. மீன ஆரும் அறுப்பாங்களா?"

ரீச்சரக்காவின் கை அப்படியே நின்றது. தட்டி ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஒரு பிள்ளை தன்னிடம் கேள்வி கேட்டுவிட்டால் அவருடைய முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். அது வந்திருந்தது.

"எழும்புங்கோ எல்லாரும்" என்றார்.

பிள்ளைகளை வரிசையாகக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். என் தையல் பிள்ளைகளும் ஊசியைப் போட்டுவிட்டு ஓடினபடியால் நானும் போகவேண்டியதாயிற்று. மணலில் அது பெரிய சாக்கு மூட்டை போலக் கிடந்தது. வெட்டுகிற ஆட்கள் கத்தி தீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

"செவுள் எங்க இருக்கெண்டு தேடுங்கோ" என்றார். செவுள் இல்லை. மூக்குத்துளை இருந்தது. உதட்டில் முரட்டு மயிர் இருந்தது. துடுப்பு மாதிரியான செட்டைக்குக் கீழே கையை விட்டுப் பார்த்த ஒரு பெண்பிள்ளை, "ரீச்சர், முலை" என்று சொல்லி வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டாள். அமத்தியபோது பால் வந்தது.

வெட்டுகிறவர்களில் ஒருவர், "பால் இல்லாட்டி ஆவுளியாக் குட்டி என்ன, தேத்தண்ணியோ ரீச்சர் குடிக்கும்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ரீச்சரக்காவும் சிரித்தார். பிறகு, தூக்கி எறிகிற செட்டைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதை எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் அம்மாவின் சட்டியில் அவித்துச் சதையைக் கழற்றினார். அம்மா அந்தச் சட்டியைப் பிறகு வீட்டுக்குள் எடுக்கவில்லை. கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டது.

மறுநாள் என் தையல் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, எலும்புகளை முறையாக அடுக்கினார். மேற்கை எலும்பு, முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பு, மணிக்கட்டு, அதற்குப் பிறகு ஐந்து விரல். பக்கத்தில் ஒரு பிள்ளையைக் கையை நீட்டி வைக்கச் சொன்னார். தலையணை உறைக்குள் யாரோ கையை விட்டது போல இருந்தது எனக்கு. வெளியே பார்த்தால் உறை, உள்ளே ஒரு கை. பிள்ளைகள் தங்கள் கைகளையும் விரித்து விரித்துப் பார்த்தார்கள்.

கரும்பலகையின் இடது பக்கத்தில், ஆவுளியா பால் கொடுக்கும், அதன் செட்டைக்குள் ஐந்து விரல் எலும்பு உண்டு என்று எழுதினார். ஏன் அப்படி என்று ஒரு பிள்ளை கேட்டது. வலது பக்கத்தில் இரண்டு வசனம் எழுதினார். கடவுள் எல்லா உயிரையும் படைத்தார் என்பது ஒன்று. வேதத்தில் கேட்டது. ஆவுளியாவின் மூதாதைகள் வெகுகாலத்துக்கு முன் தரையில் நாலு காலில் நடந்தவை என்பது மற்றது. படித்தவர்கள் எழுதிய புத்தகத்தில் கேட்டது.

இப்போது என் மகளின் பாடப் புத்தகத்தில், உயிர்கள் காலப்போக்கில் மாறிவந்ததைச் சொல்கிற கூர்ப்பு என்று ஒரு பாடம் இருக்கிறது. அப்போது எங்களிடம் அந்தச் சொல் இல்லை. ஒரு சட்டியும் ஒரு செட்டையும் இருந்தன.

பொழுது சாய்வதற்குள் கதை ஊர் சுற்றிவிட்டது. ஆவுளியாவுக்கு எங்கள் கை போல ஒரு கை என்று ஒரு வீட்டில் தொடங்கியது, கிணற்றடியில் நாங்கள் ஆவுளியாவில் இருந்து வந்தோம் என்று ஆனது, கள்ளுக்கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது குரங்கும் வந்துவிட்டது. பாடத்தில் குரங்கு வரவே இல்லை. எங்கே ஏறிக்கொண்டதோ தெரியாது.

ஆனால் ஊரைக் கலக்கியது குரங்கு அல்ல, பால். பால் கொடுக்கிறது மிருகம். மிருகம் என்றால் இறைச்சி. அப்படியானால் பிறந்த நாள் தொட்டு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக நாங்கள் தின்றது என்ன? சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற வரிசை கோயில் வாசலைத் தாண்டி வெளியே வந்தது. எல்லாருக்கும் ஒரே பாவம். கடைசியில் சாமியார் திரைச்சீலையை விலக்கித் தலையை வெளியே நீட்டி, "ஆவுளியாக்காரர் எல்லாரும் வீட்டுக்குப் போங்கள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் சந்திப்போம்" என்றாராம். இது நான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மண்டபம் நிறைந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு மனேஜர் சாமியார்தான். வயதான வெளிநாட்டுக்காரர். தமிழை எங்களைவிட மெதுவாகவும் சுத்தமாகவும் பேசுவார். அவர் கதிரையில் இருந்தார். ரீச்சரக்கா கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றார். அந்த இரண்டு வசனமும் அழியாமல் இருந்தன.

மூப்பர் எழும்பினார். "சாமி, இந்தப் புள்ள இனி இங்க படிப்பிக்கக் கூடாது. வேதப் பள்ளிக்கூடத்தில குரங்கில இருந்து மனுசன் வந்தானெண்டு சொல்லிக் குடுக்கிறா."

"கண்டதோ, கேட்டதோ?" என்றார் ரீச்சரக்கா. பழக்க தோஷம். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். மூப்பரின் காது சிவந்தது.

சாமியார் என் பக்கம் திரும்பினார். "நீ தட்டிக்கு அப்பால் இருந்தாயே. குரங்கு வந்ததா?"

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. தலையை இல்லை என்று ஆட்டினேன்.

முஸ்லிம் குடியிருப்பில் இருந்து வந்திருந்த தேங்காய் யாவாரி, "சாமி, நான் ஒண்டு சொல்றன், குறை நினைக்காதீங்க. எங்கட கிதாபுலயும் அல்லாஹ்தான் படைச்சான். ஆனா புள்ளைக்கு எலும்ப எண்ணிக் காட்டினா அதில என்ன குத்தம்? எண்ணினா குறையுமா?" என்றார்.

"உங்களுக்கென்ன காக்கா. நீங்க அறுத்துத் திண்டீங்க, தப்பினீங்க" என்று அவரை அண்ணன் முறை வைத்துச் சொன்னார் மூப்பர். "நாங்க என்ன செய்யிற?" பிறகு அவருடைய குரல் மாறிவிட்டது. சாமியாரைப் பார்த்துச் சொன்னார். "என்ர ஆத்தா போன தபசுல, வெள்ளிக்கிழமை, ஆவுளியாக் கறி கேட்டுத் திண்டிட்டுப் படுத்தவ. எழும்பேல்ல. நான்தான் என்ர கையால குடுத்தன். அது இறைச்சி எண்டா, அவ பாவத்தோடயோ சாமி செத்தவ?"

அந்த மனிதர் கோபக்காரர் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் பயந்துபோய் இருந்திருக்கிறார்.

ரீச்சரக்கா அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதை நான் கண்டது அன்று ஒருநாள்தான். கையில் இருந்த சோக்குக் கட்டியை மேசையில் வைத்தார்.

"ஐயா, அம்மா மீனெண்டு நம்பித்தானே திண்டவ" என்றார். "நானும் அப்பிடித்தான் திண்டனான். ரெண்டு தரம் போட்டுத் திண்டனான்."

"நானும் தின்றிருக்கிறேன்" என்றார் சாமியார். அவர் எழும்பி நின்றார். "கேளுங்கள். தெரியாமல் செய்ததைக் கடவுள் பாவக் கணக்கில் எழுதுவதில்லை. உன் தாய்க்காகப் பயப்படாதே. இன்னொன்றும் சொல்கிறேன். தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே வாழ்வதைச் சுத்தபோசனத்துக்கு மீனாக எடுத்துக்கொள்வது திருச்சபையில் பழைய வழக்கம். எங்கள் நாட்டில் ஆற்றில் வாழும் மிருகத்தை அப்படித் தின்றார்கள் என்று குருமடத்தில் சொன்னார்கள்." ரீச்சரக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "கேட்டது" என்றார். "அது சட்டி பானைக்கு வைத்த சட்டம். எலும்புக்கு வைத்த சட்டம் இல்லை. குசினியில் அது மீன். இந்த மண்டபத்தில் அது பால் கொடுக்கிற மிருகம். இரண்டும் சண்டை பிடிக்கத் தேவையில்லை."

மூப்பர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கரும்பலகையைக் காட்டினார். "அப்ப அந்தக் கீழ் வசனத்தை அழிக்கச் சொல்லுங்க சாமி. நாலு காலில நடந்த கதை."

சாமியார் ரீச்சரக்காவைப் பார்த்தார். "அழிப்பீர்களா?"

"மேல் வசனத்தையும் அழிக்க மாட்டன், கீழ் வசனத்தையும் அழிக்க மாட்டன் சாமி."

"இரண்டும் ஒன்றா உங்களுக்கு?"

"இல்லை. கேட்டதில ரெண்டு விதம் இருக்கு. ஒண்டு போய்ப் பாக்கக் கூடியது. இன்னும் எலும்பு அம்பிடும், கல்லுக்குள்ள இருந்தும் எடுக்கினமாம். பாக்கப் பாக்க அது கோட்டைத் தாண்டி இங்கால வரும். மற்றது போய்ப் பாக்க ஏலாதது. அதுக்கு முழங்காலில நிக்கோணும். நான் விடிய முழங்காலில நிண்டுபோட்டுத்தான் சாமி கடற்கரைக்குப் போறனான்."

அந்த வேலை போனால் வடக்கே அவருடைய வீட்டில் உலை வைக்க வேறு சம்பளம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சாமியார் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்று, இரண்டு பக்கத்தையும் வாசித்தார். அந்தக் கிழமைதான் கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுகிற கிழமை. பெரிய வெள்ளி கடந்து உயிர்ப்பு வரும்வரை எல்லாச் சுரூபமும் துணிக்குள் இருக்கும். சாமியாருக்கு அது ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

"தபசு முடியும்வரை ஊருக்கு இந்தப் பாடம் வேண்டாம்" என்றார். "அழிக்கவும் வேண்டாம். மூடி வைப்போம். ரீச்சர், பொறுப்பீர்களா?"

ரீச்சரக்கா யோசித்தார். "உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகும் விரல் அஞ்சாத்தானே சாமி இருக்கும்? அப்ப பொறுக்கலாம்."

துணி தைக்கிற வேலை எனக்கு வந்தது. கோயில் துணியில் மிச்சம் இருந்ததை இரண்டு துண்டாகப் பொருத்தி, ஓரம் மடித்து, மேலே நாடா வைத்துத் தைத்தேன். ரீச்சரக்கா அதைத் தன் கையால் கட்டினார். அன்றிலிருந்து சின்ன வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கரும்பலகையைத் தாண்டும்போது சிலுவை அடையாளம் போடத் தொடங்கினார்கள். பூவரசின் கீழ் இருந்து வருகிற பிள்ளைகளும் அதற்கு முன்னால் மெதுவாக நடந்தார்கள். ரீச்சரக்கா அவர்களைத் தடுக்கவில்லை. "வேறை எந்தப் பள்ளிக்கூடத்திலயும் கரும்பலகைக்கு இந்த மரியாதை இருக்கோ?" என்று என்னிடம் கேட்டார். மற்ற வகுப்பின் சின்னப் பலகையில் கணக்கும் எழுத்தும் நடந்தன. வெள்ளிக்கிழமை ஆவுளியாக் கறிக்குச் சாமியாரே உத்தரவு கொடுத்த பிறகும் ரீச்சரக்கா அதைத் தின்னவில்லை. அம்மா கேட்டதற்கு, "கண்டிட்டன், இனித் தொண்டைக்குள்ள இறங்குதில்லை" என்றார்.

உயிர்ப்பு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை, மணி அடிப்பதற்கு முன்பே மூப்பர் வந்து நின்றார். தோளில் ஒரு சாக்கு. உப்புப் போட்டு வைத்த ஆவுளியாச் செட்டை. ரீச்சரக்கா சின்னக் கத்தியால் தோலைக் கீறினார். என் மேசையில்தான். மூப்பர் கிட்டவந்து குனிந்தார். தன் கையை விரித்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். கயிறு இழுத்துக் காய்ச்சுப்போன பெரிய கை. மற்றக் கையால் ஒவ்வொரு எலும்பாகத் தொட்டுக்கொண்டு போனார்.

"இத்தின காலமும் வெட்டி வெட்டி எறிஞ்சனான்" என்றார். "திறந்து பாக்கேல்ல."

"இப்ப?"

"இப்ப கண்டன்."

ரீச்சரக்கா கரும்பலகையின் நாடாவை அவிழ்த்தார். ஊதாத் துணி கீழே விழுந்தது. சோக்கு எழுத்து கொஞ்சம் மங்கி இருந்தது. ஆனால் எல்லாம் இருந்தது. மூப்பருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். வலது பக்கத்துக் கீழ் வசனத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"இது?"

"அது இன்னும் கேட்டதுதான் ஐயா."

"எப்பவாச்சும் இந்தக் கோட்டத் தாண்டி வருமோ?"

"வருமெண்டுதான் நினைக்கிறன்."

"வந்தா மேல் வசனத்த அழிப்பீங்களோ?"

"ஏன் அழிக்கோணும்? அது பலகையில இருக்கிறதுக்கு எலும்பு காரணமில்லையே."

மூப்பர் தலையை ஆட்டினார். மங்கிய எழுத்தின் மேல் கை பட்டுவிடாமல் விரலை எடுத்தார். "அப்ப இருக்கட்டும்" என்று சொல்லி, வெறும் சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வலைவாடிக்குப் போனார். பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். முதலில் வந்த பிள்ளை பழக்கத்தில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, துணி இல்லாததைக் கண்டு திகைத்து நின்றது.

அந்த ஊதாத் துணியை நான் கழுவி மடித்து வைத்திருந்தேன். கலியாணத்துக்குப் பிறகு முந்தலுக்குக் கொண்டுவந்து அலுமாரிக்குள் வைத்தேன். இன்னும் இருக்கிறது. ரீச்சரக்கா சில வருஷத்தில் வடக்கே மாற்றம் பெற்றுப் போய்விட்டார். வெள்ளைக்காரனும் போனான். பாடப் புத்தகங்களும் மாறிவிட்டன. என் மகள் கூர்ப்புப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கும்போது நான் தையல் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். அவள் வாசித்து முடித்ததும் என்னை அறியாமல் அந்தக் கேள்வி என் வாயில் வந்துவிடும். அவளுக்கு எரிச்சலாக இருக்கும். "புத்தகத்தில இருக்கம்மா" என்பாள். அதற்கு மேல் சொல்ல எனக்குப் படிப்புக் காணாது.

போன கிழமை என் மனுசன் கடையில் இருந்து வந்து ஒரு செய்தி சொன்னார். மன்னார்ப் பக்கத்துக் கருவாட்டு யாவாரி ஒருவர் துணி வாங்க வந்தவராம். அவருடைய ஊரில் ஒரு வயதான ரீச்சர் இருக்கிறாராம். செருப்பைக் குடைக்கம்பியில் கோத்துக்கொண்டு கடற்கரையில் எலும்பு பொறுக்குவாராம். நல்ல கருவாடு என்று சொன்னால் விடமாட்டாராம், என்னவோ ஒரு கேள்வி கேட்பாராம்.

"என்ன கேள்வியெண்டு யாவாரி சொன்னவரோ?" என்று கேட்டேன்.

என் மனுசன் கதை குறைவானவர். சிரித்தார், அவ்வளவுதான்.

கேட்டதுதான். ஆனாலும் போய்ப் பார்க்கக் கூடியது. மன்னாருக்குக் காலையில் எத்தனை மணிக்குப் பஸ் என்று விசாரித்துவரச் சொல்லியிருக்கிறேன். கொண்டுபோக அந்த ஊதாத் துணியையும் எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன்.